எலினோருக்கும் மனசு உண்டு: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற செமஸ்டர் விடைத்தாள் திருத்தும் முகாமில் எங்கள் கையில் ஒரு விடைக்குறிப்பு கொடுக்கப்பட்டது. ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் வரும் இரு சகோதரிகளை ஒப்பிடச் சொல்லும் பத்து மார்க் கேள்விக்கு அதில் ஓர் அட்டவணை இருந்தது. இடப்பக்கம் எலினோர்: அறிவு, நிதானம், உணர்ச்சிவசப்படாதவள், நடைமுறை தெரிந்தவள். வலப்பக்கம் மரியான்: உணர்ச்சி, அவசரம், கற்பனையில் வாழ்பவள், யோசிக்காதவள். அடியில் ஒரு குறிப்பு: இந்த வேறுபாடுகளை எழுதியிருந்தால் மட்டுமே முழு மதிப்பெண்.

நான் திருத்திய கட்டில் ஒரு மாணவி வேறு மாதிரி எழுதியிருந்தாள். எலினோருக்கு மரியானைவிட உணர்ச்சி ஒன்றும் குறைவில்லை, அதை வெளியே காட்ட வழியில்லாத இடத்தில் அவள் இருந்தாள் என்று ஒன்றரைப் பக்கம். இலக்கணப் பிழைகள் இருந்தன, ஸ்பெல்லிங் அங்கங்கே சறுக்கியிருந்தது. ஆனால் நாவலைப் படித்திருந்தாள். 30-ஆம் அத்தியாயத்தில் வரும் ஒரு ஒயின் கிளாஸைப் பற்றி எழுதியிருந்தாள். நான் பார்த்த எந்த கைடிலும் அது கிடையாது. தாளை எடுத்துக்கொண்டு போய் சீஃப் எக்ஸாமினரிடம் காட்டினேன். “கீயில இருக்கா மேடம்? இல்லையே. மூணு போட்டுட்டு அடுத்ததை எடுங்க” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்ததும் நீங்கள் கொடுத்த தாள்தான்.

அது போதாதென்று, வரும் கல்வியாண்டிலிருந்து முழு நாவலுக்குப் பதிலாக ஒரு சுருக்கப் பதிப்பைப் பரிந்துரைத்திருக்கிறீர்கள். அதையும் வாங்கிப் படித்தேன். உங்கள் அட்டவணைக்கு எதிராகப் பேசக்கூடிய பக்கங்களில் முக்காலே மூணு வீசம் அதில் இல்லை. திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் இனிமேல் ஒரு மாணவி அந்த ஒயின் கிளாஸைப் பற்றி எழுதவே முடியாது. அவள் படிக்கும் புத்தகத்தில் அது இருக்காது.

முதல் அத்தியாயத்தில் இருந்தே வருகிறேன். ஹென்றி டாஷ்வுட் இறந்ததும் சசெக்ஸில் உள்ள நார்லண்ட் பார்க் வீடும் நிலமும் மூத்த தாரத்து மகன் ஜானுக்குப் போய்விடுகின்றன. இளைய தாரமும் அவளுடைய மூன்று பெண்களும் தங்கள் வீட்டிலேயே விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் ஆஸ்டின் சகோதரிகளை அறிமுகப்படுத்துகிறார். எலினோருக்கு வயது 19. தெளிந்த புத்தி, பதறாத தீர்மானம், அம்மாவுக்கே ஆலோசனை சொல்லும் பக்குவம் என்று சொல்லிவிட்டு, அவள் நல்ல மனசுக்காரி, பாசம் மிகுந்தவள், அவளுடைய உணர்ச்சிகள் வலுவானவை, அவற்றை ஆளத் தெரிந்தவள் என்கிறார். அந்த வித்தையை அவள் அம்மா இன்னும் கற்கவில்லையாம். தங்கை ஒருத்தி கற்கவே போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாளாம். அப்புறம் மரியான். பல விதங்களில் அக்காவுக்கு நிகரான திறமை உள்ளவள். புத்திசாலி, தாராள மனசு, ஆனால் எதிலும் ஆவேசம். துக்கத்துக்கும் அளவில்லை, சந்தோஷத்துக்கும் அளவில்லை. முன்யோசனை ஒன்றைத் தவிர எல்லாம் அவளிடம் இருந்தது. கடைக்குட்டி மார்கரெட்டுக்கு 13 வயது. மரியானின் கற்பனைப் போக்கை நிறைய எடுத்துக்கொண்ட அவள், மரியானின் புத்தியை அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

நீங்கள் ‘யோசிக்காதவள்’ என்று எழுதிய பெண்ணைப் பற்றி அவளைப் படைத்தவர் சொன்னது இது. ‘உணர்ச்சிவசப்படாதவள்’ என்று எழுதியது யாரைப் பற்றி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மனசு கலக்காத சுத்தமான கணக்கு வேண்டுமென்றால் நாவலில் அதுவும் இருக்கிறது. இரண்டாம் அத்தியாயம் முழுக்க அதுதான். தங்கைகளைக் கவனித்துக்கொள்கிறேன் என்று சாகக் கிடந்த அப்பாவிடம் வாக்குக் கொடுத்த ஜான், ஆளுக்கு ஆயிரம் வீதம் 3,000 பவுண்டு கொடுக்கலாம் என்று நினைக்கிறான். மனைவி ஃபேனி பேச ஆரம்பிக்கிறாள். நம் பிள்ளைக்குச் சேர வேண்டியதை எடுத்துக் கொடுப்பீர்களா? சரி, பாதி போதும், ஆளுக்கு 500. அதுவும் எதற்கு? சித்திக்கு வருஷம் 100 பவுண்டு கொடுத்துவிடலாமா? ஐயோ, வருஷா வருஷம் பணம் வரும் என்று தெரிந்தால் வாங்குகிறவர்கள் சாகவே மாட்டார்களே! அப்படியானால் அவ்வப்போது ஓர் ஐம்பது. கடைசியில் வீடு மாறும்போது சாமான்களை ஏற்றி அனுப்ப ஒத்தாசை, சீசனில் கொஞ்சம் மீன், வேட்டை இறைச்சி என்று வந்து நிற்கிறது. சத்தம் போடாமல், யாரையும் திட்டாமல், ஒவ்வொரு படியிலும் நியாயம் பேசி இறக்குகிறாள் அண்ணிக்காரி. வகுப்பில் இதை வாய்விட்டு வாசித்தால் முதலில் சிரிப்பார்கள். பாகப்பிரிவினைச் சண்டையைக் கண்ட வீட்டுப் பிள்ளைகள் பாதியில் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு நான் எதையும் விளக்க வேண்டிய தேவை இருக்காது. உங்கள் சுருக்கப் பதிப்பில் இந்த அத்தியாயம் ஒரே வாக்கியம்: ஃபேனி கணவனின் மனதை மாற்றினாள்.

இந்த அத்தியாயம் போனால் எலினோரின் நிதானம் எங்கிருந்து வந்தது என்பதும் கூடவே போய்விடுகிறது. அம்மா கையில் 7,000 பவுண்டு, பெண்களுக்கு ஆளுக்கு ஆயிரம், ஆக மொத்தம் 10,000. அதில் வருஷத்துக்கு 500 பவுண்டு வரும். அதை வைத்து நாலு பெண்கள் மானமாகக் குடும்பம் நடத்த வேண்டும். அம்மா செலவாளி, தங்கை கனவு காண்கிறவள். யாராவது ஒருத்தி கணக்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த வேலை தன் தலையில் விழுந்ததால் நிதானமாக இருக்கும் ஒரு பெண்ணைப் பிறவியிலேயே குளிர்ந்த மனசுக்காரி என்று மாணவர்களிடம் சொல்லிக்கொடுக்கிறோம்.

பணத்தைப் பற்றி 17-ஆம் அத்தியாயத்தில் ஒரு பேச்சு வருகிறது. செல்வத்துக்கும் சந்தோஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பொங்குகிறாள் மரியான். வசதியாக வாழ ஓரளவு இருந்தால் போதும் என்கிறாள். அந்த ஓரளவு எவ்வளவு என்று அக்கா கேட்கிறாள். வருஷம் 1,800 அல்லது 2,000 பவுண்டு, அதற்கு மேல் வேண்டாமாம். எலினோர் சிரித்துவிடுகிறாள்: ஆயிரம் இருந்தாலே எனக்கு அது செல்வம்! இந்த இடத்தில் யார் நடைமுறைவாதி, யார் கனவுலகவாசி? இருவருமே கொஞ்சம் கொஞ்சம். மரியான் கடைசியில் கைப்பிடிக்கும் கர்னல் பிராண்டனின் வருமானம் சரியாக 2,000 என்பது ஆஸ்டின் வைத்த குறும்பு.

சரி, எலினோரின் மனசுக்கு வருகிறேன். என் முக்கியமான வழக்கு அதுதான்.

ஃபேனியின் தம்பி எட்வர்ட் ஃபெர்ரர்ஸ் மேல் அவளுக்கு விருப்பம். குடும்பம் டெவன்ஷயரில் பார்ட்டன் காட்டேஜுக்குக் குடிபோன பிறகு அவன் பார்க்க வருகிறான். விரலில் ஒரு மோதிரம், அதன் நடுவில் பின்னிய தலைமுடி. ஃபேனியின் முடியா என்று மரியான் பட்டென்று கேட்டுவிட, அவன் முகம் சிவந்து, ஆமாம், அக்காவுடையதுதான், மோதிரத்தில் நிறம் மாறித் தெரிகிறது என்று மழுப்புகிறான். எலினோர் உடனே அது தன் முடிதான் என்று முடிவு செய்துவிடுகிறாள். தனக்குத் தெரியாமல் எப்படியோ எடுத்திருக்கிறான் என்று உள்ளுக்குள் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சமயம் கிடைக்கும்போதெல்லாம் அந்த முடியை நன்றாகப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று வேறு நினைக்கிறாள். அது லூசி ஸ்டீல் என்ற பெண்ணின் முடி என்று பின்னால்தான் தெரிகிறது. அறிவுக் கட்டத்துக்குள் நீங்கள் உட்கார வைத்த பெண், ஆசையால் கண் மறைந்துபோன இடம் இது.

எட்வர்டுக்கும் தனக்கும் நாலு வருஷமாக ரகசிய நிச்சயம் இருப்பதாக லூசியே வந்து எலினோரிடம் சொல்கிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொள்கிறாள். நம்பிக்கை எல்லாம் இடிந்துபோன இரண்டு மணி நேரத்தில் எலினோர் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்கிறாள்; பார்த்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தனியே இருந்தபோது அவள் அழுததை ஆஸ்டின் சொல்கிறார். தனக்காக அழுததைவிட எட்வர்டுக்காக அழுதாளாம், ஒரு தந்திரக்காரியிடம் மாட்டிக்கொண்டானே என்று.

பிறகு லண்டன், ஜனவரி மாதம். வேலைக்காரி வந்து கணப்பைப் பற்றவைப்பதற்கு முன், பாதி உடுத்திய நிலையில், ஜன்னலோரம் மண்டியிட்டு, கிடைக்கும் மங்கல் வெளிச்சத்தில் தான் காதலிக்கும் வில்லோபிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள் மரியான். கண்ணீர் விடும் வேகத்துக்கு ஏற்ப எழுத்தும் ஓடுகிறது. அன்று வரும் அவனுடைய பதில் அவளைச் சாய்த்துவிடுகிறது. அதைப் பார்த்த எலினோர் கட்டிலில் உட்கார்ந்து, தங்கையின் கையைப் பிடித்து முத்தமிட்டு, உடைந்து அழுகிறாள். முதலில் அந்த அழுகை மரியானின் அழுகைக்கு அவ்வளவாகக் குறையவில்லை என்று நாவல் சொல்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அழுத கையோடு, நீ சந்தோஷமானவள், என் வேதனை உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று அக்காவைப் பார்த்துச் சொல்கிறாள் மரியான். லூசியின் ரகசியம் தொண்டையில் நிற்க, எலினோர் அதை வெளியே விடாமல் தங்கையைத் தேற்றுகிறாள்.

அன்று மாலைதான் அந்த ஒயின். அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்காரியான மிஸஸ் ஜென்னிங்ஸ் வெள்ளை மனசுக்காரி, சத்தக்காரி. காதலில் தோற்ற பெண்ணைப் பார்த்துப் பார்த்து ஊறுகாய் ஆலிவும் உலர்ந்த செர்ரியும் கொடுத்துத் தேற்றப் பார்க்கிறவர். காலமான கணவருக்கு வாத வலி வந்தால் குடிக்கும் கான்ஸ்டான்ஷியா ஒயின், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பழைய சரக்கு, அதில் ஒரு கிளாஸ் ஊற்றி மரியானுக்குக் கொடுங்கள் என்று எடுத்து வருகிறார். அவள் இப்போதுதான் படுத்தாள், எழுப்ப வேண்டாம், நானே குடித்துக்கொள்கிறேன் என்கிறாள் எலினோர். உடைந்த மனசை இது ஆற்றும் என்றால், தங்கையிடம் சோதித்துப் பார்ப்பதைப் போலவே என்னிடமும் சோதித்துப் பார்க்கலாமே என்று நினைத்தபடி குடிக்கிறாள். அறையில் இருக்கும் ஒருவருக்கும் அவள் எதற்காகக் குடித்தாள் என்று தெரியாது. வாசகருக்கு மட்டும் தெரியும். இந்த ஒரு கிளாஸை வைத்து ஒன்றரைப் பக்கம் எழுதிய பிள்ளைக்கு மூன்று மார்க்.

விஷயம் வெளியே வருவது 37-ஆம் அத்தியாயத்தில். லூசியின் நிச்சயம் அம்பலமாகிவிட, நாலு மாதமாகத் தனக்கு இது தெரியும் என்று எலினோர் தங்கையிடம் சொல்கிறாள். மரியான் முதலில் என்ன சொல்கிறாள் தெரியுமா? இழந்ததை இவ்வளவு எளிதாக வேறொன்றால் ஈடுகட்டிக்கொள்ள முடிகிறது என்றால் உன் மன உறுதியில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்கிறாள். எலினோர் பதில்: புரிகிறது, நான் எப்போதும் பெரிதாக எதையும் உணர்ந்ததில்லை என்று நினைக்கிறாய். அப்புறம் கொட்டித் தீர்க்கிறாள். ஒருவரிடமும் சொல்ல முடியாமல் நாலு மாதம் சுமந்தது, தன்னை நொறுக்கியவளின் வாயாலேயே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டது, அவள் முன்னால் எதுவும் காட்டாமல் இருந்தது எல்லாவற்றையும். வாக்குக் கொடுத்துக் கட்டுப்பட்டிராவிட்டால் நானும் என் துயரத்தை வெளிப்படையாகக் காட்டியிருப்பேன் என்கிறாள். மரியான் நொறுங்கிப் போகிறாள்.

மரியாதையோடு சொல்கிறேன்: உங்கள் விடைக்குறிப்பு அந்த அத்தியாயத்தின் பாதியில், மரியான் தப்பாகப் புரிந்துகொண்ட இடத்தில் நின்றுவிட்டது. பதினேழு வயதுப் பெண் அடுத்த பக்கத்தில் திருத்திக்கொண்டதை, முனைவர் பட்டம் பெற்றவர்கள் உட்கார்ந்த குழு மூன்று வருஷப் படிப்பின் இறுதித் தீர்ப்பாக வைத்திருக்கிறது.

இன்னும் இரண்டு இடங்கள். கிளீவ்லண்ட் என்ற வீட்டில் மரியான் காய்ச்சலில் கிடக்கும் இரவு வில்லோபி குதிரை வண்டியில் பறந்து வருகிறான். எல்லாத் துரோகத்தையும் ஒப்புக்கொண்டு பேசுகிறான். கேட்ட எலினோருக்குக் கோபம் இளகிவிடுகிறது. அவன் போன பிறகும் அவன் நினைப்பு அவளை விடவில்லை. அவன் மனைவி இல்லாதவனாக இருந்தால் எப்படி இருக்கும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டுவிட்டு, கர்னல் பிராண்டனை நினைத்துத் தன்னைத் தானே கடிந்துகொள்கிறாள். உணர்ச்சிவசப்படாதவள் செய்கிற காரியமா இது? அப்புறம் 48-ஆம் அத்தியாயம். லூசி கட்டிக்கொண்டது தன்னை அல்ல, தம்பி ராபர்ட்டை என்று எட்வர்ட் வந்து சொல்கிறான். சொல்லும்போது மேஜையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, அதன் உறையைத் துண்டு துண்டாக வெட்டிப் பாழாக்கிக்கொண்டிருக்கிறான், அவ்வளவு பதற்றம். எலினோரால் உட்கார முடியவில்லை. ஏறக்குறைய ஓடியே அறையை விட்டு வெளியேறி, கதவு மூடியதும் நிற்கவே நிற்காதோ என்று தோன்றும் அளவுக்கு ஆனந்தக் கண்ணீர் விடுகிறாள். கதவு மூடும் வரைக்கும் பொறுத்தாள் பாருங்கள், அந்தப் பெண்ணின் குணம் முழுக்க அதில் இருக்கிறது.

மரியானுக்கும் உங்கள் அட்டவணை நியாயம் செய்யவில்லை. ஹார்லி தெருவில் ஒரு விருந்து. எலினோர் வண்ணம் தீட்டிய திரைத் தட்டிகளை எட்வர்டின் அம்மா மிஸஸ் ஃபெர்ரர்ஸ் அலட்சியமாகத் தள்ளிவிட்டு, அங்கே இல்லாத மிஸ் மார்ட்டனின் ஓவியத் திறமையைப் புகழ்கிறார். எலினோர் பேசாமல் இருக்கிறாள். மிஸ் மார்ட்டன் யார், அவளைப் பற்றி யாருக்கு என்ன கவலை, நாம் பேசுவது எலினோரைப் பற்றி என்று சபை நடுவில் வெடிக்கிறாள் மரியான். எழுந்து போய் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இவர்கள் பேச்சைக் காதில் வாங்காதே என்று அழுகிறாள். இதை அவசரபுத்தி என்று ஒரு கட்டத்தில் அடைத்துவிட்டால், அக்காவுக்காக அந்த அறையில் வாய் திறந்த ஒரே குரலையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம். அதே மரியான் பின்னால் அக்காவுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறாள்: எட்வர்ட், லூசி பேச்சு வந்தால் முகத்தில் எதுவும் காட்ட மாட்டேன் என்று. மிஸஸ் ஜென்னிங்ஸ் லூசியைப் புகழப் புகழ ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து இன்னொன்றில் போய் உட்கார்கிறாள், அவ்வளவுதான். எட்வர்டின் காதலைப் பற்றிப் பேச்சு வரும்போது தொண்டையில் ஒரு இழுப்பு. மூன்று முறை “சரிங்க மேடம்” என்று சொல்கிறாள். அவளாலும் முடிந்திருக்கிறது, அக்காவுக்காக என்றால்.

அவளிடம் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. சமூக மரியாதைக்காக ஒரு பொய் சொல்லக்கூட மறுப்பாள். ஆகவே அந்தப் பொய்களை எல்லாம் சொல்லும் வேலை எலினோர் தலையில்தான் விழும் என்று ஆஸ்டினே போட்டு உடைக்கிறார். தன்னைப் போல் துக்கப்படாதவருக்குத் துக்கமே இல்லை என்று நினைப்பதுதான் அவளுடைய பெரிய பிழை. காய்ச்சலிலிருந்து எழுந்ததும் அவள் திருந்தி அக்கா மாதிரி ஆகிவிட்டாள் என்கிறது விடைக்குறிப்பு. அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள்: இனி விடியற்காலையில் எழுவேன், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் படிப்பேன் என்று திட்டம் போடுகிறாள். அக்கா அதை மெச்சிக்கொண்டே சிரித்துக்கொள்கிறாள். சோம்பிக் கிடப்பதிலும் அளவு மீறியவள், இப்போது ஒழுங்காக இருப்பதிலும் அளவு மீறுகிறாளே என்று. மரியான் மரியானாகவேதான் எழுந்து வருகிறாள்.

19 வயதில் பிராண்டனை அவள் மணப்பது வெற்றியா, விட்டுக்கொடுத்தலா என்று ஒவ்வொரு வருஷமும் என் வகுப்பில் சண்டை நடக்கும். சுற்றியிருந்த எல்லோரும் கூட்டணி சேர்ந்தால் அவள்தான் என்ன செய்வாள் என்று ஆஸ்டினே கேட்கிறார். உங்கள் கீயில் அதற்கு ஒரு வரிப் பதில் இருக்கிறது: இறுதியில் அறிவு வென்றது.

இந்த அட்டவணை உங்கள் கண்டுபிடிப்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நாவல் 1811-இல், எழுதியவர் பெயர் இல்லாமல் ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்று வெளிவந்த அடுத்த ஆண்டே லண்டனின் ‘பிரிட்டிஷ் கிரிட்டிக்’ பத்திரிகை அடக்கமான நல்லறிவு ஒரு பக்கம், மிகையான உணர்ச்சி மறுபக்கம் என்று பிரித்துத்தான் விமர்சனம் எழுதியது. அந்தக் காலத்தில் உணர்ச்சி பொங்கி வழிவது ஒரு ஃபேஷன். 1771-இல் மெக்கன்சியின் நாவல், 1774-இல் கதேயின் வெர்தர் எல்லாம் வந்து, மூர்ச்சை போடுவதும் கண்ணீர் விடுவதும் உயர்ந்த மனசின் அடையாளமாக இருந்த சமயம். ஆஸ்டின் அதைக் கிண்டல் செய்தது உண்மை. உதிர்ந்த இலைகளை நினைத்து மரியான் உருகும்போது, காய்ந்த சருகின் மேல் உனக்கு இருக்கும் காதல் எல்லோருக்கும் இருக்காது என்று எலினோர் சொல்வது அந்தக் கிண்டல்தான். ஆனால் முதல் வரைவுக்கு அவர் வைத்த தலைப்பு ‘எலினோர் அண்ட் மரியான்’ என்று அவர் குடும்பத்தாரே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பெண்களை மனதில் வைத்துத்தான் எழுதத் தொடங்கியிருக்கிறார்.

இன்னொரு விஷயம். நம் பிள்ளைகளில் பலர் இந்தக் கதைக்கு 2000-இல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தின் வழியாகத்தான் வந்து சேர்கிறார்கள். டிவியில் பார்த்துவிட்டு வருகிறவர்களில் ஒருவர்கூட தபு நடித்த அக்காவுக்கு உணர்ச்சி கிடையாது என்று என்னிடம் சொன்னதில்லை. நம் பாடத்தைப் படித்த பிறகுதான் அப்படி எழுதுகிறார்கள்.

நேரமில்லை, மாணவர்களின் ஆங்கிலம் போதாது என்று சொல்வீர்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குத்தான் நானும் பாடம் எடுக்கிறேன். நாவல் நீளம்தான், வாக்கியங்கள் சுற்றி வளைத்துப் போகும்தான். ஆனால் ஃபேனி பேசுவதை அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்ததில்லை. வீட்டில் சுமையைத் தாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் பெண்ணை அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பல பேர் அந்தப் பெண்ணாகவே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அமைதியாக இருப்பவளுக்கு மனசில் ஒன்றுமில்லை என்று அவர்களைக் கொண்டே எழுத வைத்து மார்க் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். முதலில், சென்ற செமஸ்டரின் அந்தப் பத்து மார்க் கேள்விக்கான விடைக்குறிப்பைத் திரும்பப் பெற்று, நாவலிலிருந்து சான்று காட்டி எழுதிய எந்த வாதத்துக்கும் மதிப்பெண் தரலாம் என்று தேர்வுத் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிய தாள்களை மாணவர்களிடம் கட்டணம் வாங்காமல் மறுமதிப்பீடு செய்ய உத்தரவிடுங்கள். தவறு அவர்களுடையது இல்லை எனும்போது அவர்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

சுருக்கப் பதிப்பை நீக்கிவிட்டு முழு நாவலை மறுபடி பாடமாக வையுங்கள். ஐம்பது அத்தியாயங்களையும் நடத்த நேரம் போதாது என்று குழு நினைத்தால், 1, 2, 17, 22, 29, 30, 34, 37, 44, 46, 48 ஆகிய அத்தியாயங்களையாவது ஒரு வரி வெட்டாமல் விரிவான பாடமாக அறிவித்து, மீதியை மேலோட்டமாகப் படிக்க விடுங்கள். இனி கேள்வித்தாளில் இரு சகோதரிகளையும் ஒப்பிடுக என்று கேட்பதானால், கூடவே ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்து அதை வைத்து எழுதச் சொல்லுங்கள். கைடை மனப்பாடம் செய்தவரும் நாவலைப் படித்தவரும் அப்போது தனித்தனியாகத் தெரிவார்கள்.

விடைக்குறிப்பு தயாரிக்கும்போது கல்லூரிகளில் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் இருவரையாவது உட்கார வையுங்கள். அழைத்தால் நான் வருகிறேன், பயணப்படி வேண்டாம்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதிக்கு முன் இதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இளங்கலை ஆங்கில இலக்கியம் நடத்தும் ஓர் ஆசிரியை